சாங்ஷன் பண்ணிட்டாங்கன்னா சந்தோஷப்படணுமா பயப்படணுமா

போன மாசம் ஒரு பேங்க்கோட உள்விதிமுறை டாக்குமென்ட் தமிழாக்கத்துக்கு வந்துச்சு, 40 பக்கம், ரெண்டு நாள் டைம். 12ஆம் பக்கத்துல சாங்ஷன்டு லிமிட்னு ஒரு சொல், அதுல ஒண்ணும் யோசிக்க இல்ல, அனுமதிக்கப்பட்ட கடன் வரம்புன்னு போட்டுட்டு நகர்ந்துட்டேன். 19ஆம் பக்கத்துல சாங்ஷன்டு பார்ட்டின்னு வந்துச்சு, கை அதே பழக்கத்துல அங்கீகரிக்கப்பட்ட தரப்பினர்னு அடிச்சிருச்சு. அடுத்த நாள் திருத்திப் பாத்தவர் அந்த வரிய வட்டம் போட்டு ஒரே ஒரு கேள்விக்குறி மட்டும் வெச்சு அனுப்பினார். படிச்சா, "அங்கீகரிக்கப்பட்ட தரப்பினருடன் எக்காரணம் கொண்டும் பணப் பரிவர்த்தனை வைத்துக்கொள்ளக் கூடாது"ன்னு இருக்கு. அங்கீகாரம் குடுத்துட்டு அவன்கிட்ட பேசாதேன்னு சொல்ற பேங்க்!

தப்பு என்னோடதுதான், ஆனா அந்தத் தப்புக்கு ஒரு காரணம் இருக்கு. நாம தமிழ்ல பேசும்போது சாங்ஷனுக்கு ஒரே அர்த்தம்தான். லோன் சாங்ஷன் ஆச்சா, லீவு சாங்ஷன் ஆயிடுச்சா, அந்த போஸ்ட்டுக்கு இன்னும் சாங்ஷன் வரலையாமே, எல்லாத்துலயும் மேல உக்காந்திருக்கறவர் கையெழுத்து போட்டாரா இல்லையாங்கறதுதான் விஷயம். அவனை சாங்ஷன் பண்ணிட்டாங்கன்னு யாரும் தமிழ்ல சொல்லி நான் கேட்டதில்ல. நியூஸ்ல வர்ற இன்னொரு சாங்ஷன் நம்ம காதுக்கு வர்றப்பவே பொருளாதாரத் தடைன்னு வேஷம் மாத்திட்டு வந்துடுது, அதனால ரெண்டும் ஒரே சொல்லுன்னே தோணறதில்ல.

இங்கிலீஷ்ல ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல உயிரோட இருக்கு. கமிட்டி அந்தத் திட்டத்த சாங்ஷன் பண்ணுச்சுன்னா ஒப்புதல் குடுத்துச்சு. கமிட்டி அந்த மெம்பர சாங்ஷன் பண்ணுச்சுன்னா தண்டிச்சுச்சு. அதே கமிட்டி, அதே வினைச்சொல், அதே இறந்தகாலம். மாறினது செயப்படுபொருள் மட்டும்தான். இத பிடிச்சுக்கிட்டா பாதி குழப்பம் போயிடும்: வினைக்கு ஆளாகறது ஒரு செயல், ஒரு செலவு, ஒரு திட்டம், ஒரு ஒப்பந்தம்னா அது ஓகே சொல்றது, ஆள், நாடு, கம்பெனி, கப்பல்னா அடி விழுந்திருக்கு. கப்பல ஏன் சேக்கறேன்னா இப்ப நிறைய நியூஸ்ல கப்பல்தான் அடிபடுது, ஒரு டேங்கர் சாங்ஷன் ஆயிருக்குன்னா அதுக்கு லைசன்ஸ் கிடைச்சிடுச்சுன்னு நினைச்சுடக் கூடாது.

முதல் அர்த்தத்துலயே ஒரு நுணுக்கம் இருக்கு, இது அனுமதிதான் ஆனா வெறும் அனுமதி இல்ல. ஒரு அம்மா பையன வெளில விளையாடப் போக அலவ் பண்ணலாம், கொஞ்சம் கெத்தா சொல்லணும்னா பெர்மிட் பண்ணலாம், ஆனா சாங்ஷன் பண்ணாங்கன்னு எழுதினா அது கிண்டல், அம்மா ஏதோ அரசவை கூட்டி முத்திரை குத்தின மாதிரி. ஆத்தரைஸ்னா முன்னாடியே அதிகாரத்த கையில குடுத்து அனுப்பறது. ராட்டிஃபைன்னா நடந்து முடிஞ்சதுக்கு அப்புறம் உறுதிப்படுத்தறது. கண்டோன்னா தப்புன்னு தெரிஞ்சும் கண்டும் காணாம விடறது. சாங்ஷன்ல இதுல எதுவும் முழுசா இல்ல, ஒரு செயலுக்கு இது முறையானதுதான்னு மேலேருந்து ஒரு அந்தஸ்து குடுக்கறதுதான் அதோட வேலை. அதனாலதான் அந்த அந்தஸ்த குடுக்கறவர் மனுஷனா இருக்கணும்னுகூட இல்ல, வழக்கம் சாங்ஷன் பண்ணலாம், மதம் பண்ணலாம், மரபு பண்ணலாம். அரசாங்கமே ஆசி குடுத்து நடக்கற வன்முறைய ஸ்டேட் சாங்ஷன்டு வயலன்ஸ்னு எழுதறாங்களே, அதுல இருக்கற கசப்பே இந்த அந்தஸ்துலதான் இருக்கு, முறையில்லாத ஒண்ணுக்கு முறைங்கற போர்வை.

சரி, அந்தஸ்து குடுக்கற சொல்லு எப்படி அடி குடுக்கற சொல்லாச்சு? நிறைய பேர் இத ஒரு விபத்து மாதிரி சொல்லிட்டுப் போயிடறாங்க, இங்கிலீஷ்ல இப்படி எதிரும் புதிருமா அர்த்தம் வர்ற சொல் கொஞ்சம் இருக்கு, அதுல இதுவும் ஒண்ணுன்னு. உதாரணத்துக்கு க்ளீவ்னு ஒரு வினை, பிளக்கறதுக்கும் அதுதான், ஒட்டிக்கறதுக்கும் அதுதான், ஆனா அது நிஜமாவே விபத்து, பழைய இங்கிலீஷ்ல தனித்தனியா இருந்த ரெண்டு சொல் உச்சரிப்பு தேஞ்சு ஒண்ணாப் போச்சு. சாங்ஷன் அப்படி இல்ல. ஆரம்பத்துலேருந்தே ஒரே சொல்தான், ஆரம்பத்துல ரெண்டு அர்த்தமும் இல்ல, ஒரே ஒரு காரியம்தான் இருந்துச்சு. அதப் பாக்க ரோமுக்குப் போகணும்.

லத்தீன்ல சாங்கீரேன்னு ஒரு வினைச்சொல். ஒரு விஷயத்த யாரும் மீற முடியாததா ஆக்கறது, சாமி சாட்சியா கட்டிப் போடறதுன்னு சொல்லலாம். புனிதம்ங்கற அர்த்தத்துல இங்கிலீஷ்ல வர்ற செய்ன்ட், சேக்ரட், சாக்ரிஃபைஸ், சாங்க்சுவரி எல்லாம் இதே வேர்க் குடும்பம். இதுலேருந்து வந்த பெயர்ச்சொல் சாங்க்டியோ, அதுதான் நம்ம சாங்ஷன்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் ஊர்மதில் சமாச்சாரம். ரோமச் சட்டத்துல சில பொருள்கள் சாங்க்டுஸ், அதாவது கோயில் மாதிரி தெய்வத்துக்குச் சொந்தமானது இல்ல, ஆனா மனுஷன் கை வைக்கவும் கூடாது. அதுக்கு அவங்க குடுக்கற உதாரணம் நகரத்தோட மதிலும் வாசலும். 533ல சக்கரவர்த்தி ஜஸ்டினியன் சட்டம் படிக்கற பசங்களுக்காக வெளியிட்ட பாடநூல்ல இத விளக்கறாங்க: மதில் ஏன் சாங்க்டுஸ்னா அதுக்கு கேடு செஞ்சவனுக்கு மரண தண்டனை, அதே காரணத்தாலதான் சட்டத்துல மீறினவனுக்கு என்ன தண்டனைன்னு சொல்ற பகுதிக்கு சாங்க்டியோன்னு பேர். அதே வருஷம் தொகுத்த பழைய சட்ட அறிஞர்களோட கருத்துத் திரட்டுல பொம்போனியுஸ்ங்கறவர் இன்னும் கிட்டக்கப் போய் சொல்றார், ஏணி வெச்சு மதில் ஏறினாலும் தலை போகும், ரோமக் குடிமகன் வாசல் வழியா தவிர வேற வழில வெளிய போகக் கூடாது, ரோம உருவாக்கினதா சொல்ற ரோமுலஸோட கூடப் பிறந்த ரேமுஸே மதிலத் தாண்டப் பாத்ததுக்குத்தான் கொல்லப்பட்டான்னு சொல்வாங்களேன்னு. ஊர் உருவான கதையே மதில் தாண்டினவனோட சாவுலதான் ஆரம்பிக்குது, அத சட்டப் புஸ்தகத்துல முன்னுதாரணமா வேற எடுத்து வெக்கறாங்க!

இப்ப அந்த மதில கொஞ்சம் கண்ணு முன்னாடி வெச்சுக்கிட்டு யோசிங்க. மதிலுக்கு மதிப்பு எப்படி வந்துச்சு? தாண்டினா தலை போகும்ங்கறதால வந்துச்சு. காப்பாத்தறதும் தண்டிக்கறதும் அங்க ரெண்டு காரியம் இல்ல. மதில் பக்கம் நின்னு பாத்தா அது காவல், ஏணி பக்கம் நின்னு பாத்தா அது கொலை. சாங்க்டியோ அந்த ரெண்டுக்கும் சேத்து ஒரே பேர்.

இதே மாதிரி இன்னொரு காட்சி, மரபுக் கணக்குப்படி கி.மு. 494ல ரோம்ல சாதாரண ஜனங்க தங்களுக்குன்னு ட்ரிப்யூன்னு தலைவர்கள தேர்ந்தெடுத்தப்ப, இவர் மேல கை வெச்சவன நாங்க விடமாட்டோம்னு கூட்டமா சத்தியம் பண்ணினாங்க. அந்தத் தலைவர்களோட நிலைக்கு சாக்ரோசாங்க்டுஸ்னு பேர், இன்னிக்கும் இங்கிலீஷ்ல சாக்ரோசாங்க்ட்னு தொடக்கூடாத எதையும் சொல்றது அதுலேருந்து வந்ததுதான். ஒரே சத்தியம்தான், தலைவனுக்கு அது கவசம், எதிரிக்கு அது தூக்குக் கயிறு.

வேர்ச்சொல்ல இன்னும் தோண்டினா அங்கயும் இதேதான். சாகேர்னா லத்தீன்ல புனிதம், சபிக்கப்பட்டதுன்னும் அர்த்தம். கி.மு. 451, 450 வாக்குல ரோம்ல எழுதின பன்னிரண்டு பலகைச் சட்டத்துல, தன்னை நம்பி அண்டி இருக்கறவனை ஏமாத்தின எசமான் சாகேர் ஆகட்டும்னு ஒரு வரி இருக்கு. புனிதர் ஆகட்டும்னு இல்ல, தெய்வத்துக்கு நேந்து விட்டாச்சு, இனிமே அவன் மனுஷக் கணக்குல இல்ல, அவன யார் என்ன பண்ணினாலும் கேள்வி இல்லைன்னு அர்த்தம். பழைய தமிழ்ல அணங்குன்னா தெய்வம், அணங்குதல்னா வருந்தறது, வருத்தறது. தெய்வமும் துன்பமும் ஒரே சொல்லுல உக்காந்திருக்கறது நமக்கொண்ணும் புதுசு இல்ல. தொடக்கூடாததுன்னு ஒண்ண ஒதுக்கி வெச்சா அது உசத்தியாலயும் இருக்கலாம், பயத்தாலயும் இருக்கலாம்.

ரோமச் சட்டக்காரங்க இந்த சாங்க்டியோவ வெச்சு சட்டங்கள தரம் பிரிச்சதும் ஒரு தமாஷ். மீறி செஞ்ச காரியம் செல்லவே செல்லாதுன்னு சொல்ற சட்டம் முழுமையானது. காரியம் செல்லும் ஆனா செஞ்சவனுக்கு அபராதம்னா அது முழுமைக்குக் கொஞ்சம் கம்மி. ரெண்டும் இல்லாம சும்மா செய்யாதேன்னு மட்டும் சொன்னா அது அரைகுறைச் சட்டம், லத்தீன்லயே இம்பெர்ஃபெக்டான்னுதான் சொன்னாங்க. இதுக்கு வழக்கமா காட்டற உதாரணம் கி.மு. 204ல வந்த சின்சியா சட்டம், பெரிய அன்பளிப்புகளுக்கு வரம்பு வெச்சுது, அடுத்தவனுக்காக கோர்ட்டுல வழக்காடறவங்க அதுக்குக் காசு வாங்கக் கூடாதுன்னுச்சு, ஆனா மீறினா என்ன ஆகும்னு ஒரு வார்த்தை இல்ல. வக்கீல் ஃபீஸ் வாங்காதேன்னு தண்டனை இல்லாம ஒரு சட்டம், எந்த அளவுக்கு நடந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

ரோமுக்கு அப்புறம் ஐரோப்பாவுல இந்தச் சொல் அரச ஆணைங்கற பக்கமா சாஞ்சுது. ப்ராக்மாட்டிக் சாங்ஷன்னா ராஜா போடற பெரிய ஆணை, ஃபிரான்ஸ்ல 1438ல திருச்சபை விவகாரத்துக்கு ஒண்ணு வந்துச்சு, ஆனா பேர் போனது 1713ல ஆஸ்திரியாவ ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்து சக்கரவர்த்தி ஆறாம் சார்லஸ் போட்டது. ஆண் வாரிசு இல்லைன்னாலும் ஹாப்ஸ்பர்க் சொத்து பூராவும் பிரியாம பொண்ணுக்குப் போகணும்னு எழுதி, ஊர்பட்ட ராஜாக்கள்கிட்ட சம்மதம் வாங்கறதுலயே ஆயுள கழிச்சார். 1740 அக்டோபர்ல அவர் கண்ண மூடினார், டிசம்பர்ல ப்ரஷ்ய ராஜா இரண்டாம் ஃப்ரெட்ரிக் அந்தச் சொத்துல ஒண்ணான சிலேசியாவுக்குள்ள படையோட பூந்தார், மகள் மரியா தெரசா 1748 வரைக்கும் சண்டை போட வேண்டியதாப் போச்சு. ரோமக் கணக்குல சொன்னா அந்த சாங்ஷனுக்கு சாங்ஷன் இல்ல, ஏணி வெச்சவன் தலை போகல.

இங்கிலீஷுக்குள்ள பெயர்ச்சொல்தான் மொதல்ல வந்துச்சு, வினையா அதப் பயன்படுத்தினது 18ஆம் நூற்றாண்டு கடைசிலதான், அகராதிக்காரங்க 1778ஐ ஒட்டி காட்டறாங்க. அப்ப அதுக்கு சட்டம் மாதிரி உறுதிப்படுத்தறதுன்னு அர்த்தம், கொஞ்ச வருஷத்துலயே அதிகாரத்தோட அனுமதிக்கறதுன்னு இளகிடுச்சு. ராஜா சம்மதிச்சாத்தான் சட்டம்ங்கற காலத்துல உறுதிப்படுத்தறதுக்கும் அனுமதிக்கறதுக்கும் எவ்வளவு தூரம் இருந்துடப் போகுது. நம்ம லோன் சாங்ஷன் இந்தக் கிளைலேருந்து வந்ததுதான்.

பெயர்ச்சொல் மட்டும் சட்டம் படிச்சவங்க கையில வேற பக்கம் வளந்துச்சு. இங்கிலாந்துச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தம் 1789ல வெளியிட்ட புஸ்தகத்துல மனுஷன ஒழுங்கா நடக்க வைக்கற சாங்ஷன் நாலுன்னார், இயற்கை, அரசு, ஊர் அபிப்பிராயம், மதம். கவனிக்க வேண்டியது, பெந்தம்கிட்ட சாங்ஷன்னா வலி மட்டும் இல்ல, சுகமும்தான், பரிசு குடுத்து நடக்க வெச்சாலும் சாங்ஷன்தான். 1832ல சட்ட அறிஞர் ஜான் ஆஸ்டின் வந்து அந்தப் பாதிய வெட்டி எறிஞ்சார். சட்டம்ங்கறது கட்டளை, கட்டளைங்கறது மீறினா கெடுதல் வரும்னு சொல்றது, அந்தக் கெடுதல்தான் சாங்ஷன், பரிசு குடுக்கறத சாங்ஷன்னு சொல்றது சொல்லோட வழக்கத்துக்கே ஒத்து வரலைன்னார். தண்டனைங்கற அர்த்தத்த கெட்டியா ஆணி அடிச்சு வெச்சதுல ஆஸ்டினுக்குப் பெரிய பங்கு உண்டுன்னு நான் நினைக்கறேன். ஆனா இது சட்டக் கல்லூரிப் பேச்சு, தெருவுக்கு வரல.

தெருவுக்குக் கொண்டு வந்தது முதல் உலகப் போருக்கு அப்புறம் வந்த சர்வதேச சங்கம். அதோட ஒப்பந்தத்துல 16ஆம் பிரிவு, ஒரு உறுப்பு நாடு ஒப்பந்தத்த மீறி போருக்குப் போனா மத்தவங்க அதோட வியாபாரத்தையும் பணப் போக்குவரத்தையும் வெட்டணும்னுச்சு. 1935 அக்டோபர்ல முசோலினியோட இத்தாலி எத்தியோப்பியாவுக்குள்ள படையெடுத்துப் போக, நவம்பர் 18லேருந்து சாங்ஷன்ஸ் அமலுக்கு வந்துச்சு, பேப்பர்ல பூரா அந்தச் சொல்தான். ஆயுதம் விக்கக் கூடாது, கடன் குடுக்கக் கூடாது, இத்தாலிப் பொருள வாங்கக் கூடாது, ஆனா பெட்ரோலிய எண்ணெய பட்டியல்ல சேக்கல, சூயஸ் கால்வாய மூடல. டாங்கிக்கும் விமானத்துக்கும் எது உயிரோ அத விட்டுட்டு மத்ததெல்லாம் தடை. 1936 மே மாசம் எத்தியோப்பியா விழுந்துச்சு, ஜூலைல சாங்ஷன்ஸ எடுத்துட்டாங்க. அந்த முயற்சி தோத்துப் போச்சு, சொல்லு மட்டும் ஜெயிச்சிடுச்சு, அதுக்கப்புறம் நாடுகள தண்டிக்கறதுன்னா பன்மைல சாங்ஷன்ஸ்தான்.

இதுல ஒரு விசித்திரம், ஐ.நா. சாசனத்துல இந்தச் சொல்லே கிடையாது. 41ஆம் பிரிவு ஆயுதம் எடுக்காத நடவடிக்கைகள்னுதான் பேசுது, பொருளாதார உறவு, ரயில், கப்பல், விமானம், தபால், தந்தி, ரேடியோ எல்லாத்தையும் நிறுத்தலாம்னு ஒவ்வொண்ணா அடுக்குது, சாங்ஷன்னு மட்டும் சொல்லல. ஆனா 1966ல தெற்கு ரொடீஷியா (இன்னிக்கு ஜிம்பாப்வே) மேல பாதுகாப்பு கவுன்சில் மொதமொதல்ல எல்லா நாட்டையும் கட்டுப்படுத்தற மாதிரி அந்த நடவடிக்கைய எடுத்தப்பவும் சரி, 1990ல ஈராக் மேல எடுத்தப்பவும் சரி, ஊர் உலகம் அத சாங்ஷன்ஸ்னுதான் சொல்லுச்சு.

பெயர்ச்சொல் அவ்வளவு புழங்கினதுக்கு அப்புறம் அதையே திருப்பி வினையாக்கி, அந்த நாட்ட சாங்ஷன் பண்ணினாங்கன்னு சொல்றது எவ்வளவு நாள் ஆகும்? 1950கள்ல வந்துடுச்சு. அதாவது ஓகே சொல்ற வினை 18ஆம் நூற்றாண்டு, தண்டிக்கற வினை நேத்திக்கு வந்த மாதிரி. ரெண்டும் அண்ணன் தம்பி இல்ல, ஒரே பாட்டியோட ரெண்டு பேரப் பசங்க, ஒருத்தன் அரண்மனைல வளந்தான், இன்னொருத்தன் கோர்ட்டுல வளந்தான்.

கோர்ட்டுன்னதும் ஞாபகம் வருது, ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கறது அங்கதான். பிரிட்டன்ல ஒரு கம்பெனி தனக்குக் கடன் குடுத்தவங்களோட ஏதாவது ஏற்பாட்டுக்கு வந்தா, ஓட்டுப் போட்டவங்க கடன் மதிப்புல 75 சதவீதம் ஒத்துக்கிட்டதுக்கு அப்புறம் அத கோர்ட்டு சாங்ஷன் பண்ணலாம்னு 2006ஆம் வருஷக் கம்பெனிகள் சட்டம் சொல்லுது, அது ஒப்புதல். அந்தப் பக்கம் அமெரிக்கக் கூட்டாட்சி கோர்ட்டுல, யோசிக்காம பொய்யும் புரட்டுமா மனு போட்ட வக்கீல சாங்ஷன் பண்ண விதி 11ன்னே ஒண்ணு தனியா இருக்கு. 2023 ஜூன்ல நியூயார்க்ல ஏஐ சாட்பாட் கற்பனை பண்ணிக் குடுத்த, நடக்கவே நடக்காத தீர்ப்புகள எல்லாம் மனுவுல மேற்கோள் காட்டின வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் போட்டாங்களே, அந்தச் செய்தில வந்த சொல் சாங்ஷன்டு. வக்கீல்கள கோர்ட்டு சாங்ஷன் பண்ணுச்சுங்கற தலைப்ப லோன் ஞாபகத்தோட படிச்சா வக்கீல்களுக்கு ஏதோ பணம் பாஸாயிடுச்சுன்னு தோணும்.

ஸ்போர்ட்ஸ்ல இன்னும் மோசம். குத்துச்சண்டைல பட்டத்துக்கான போட்டிய நடத்த அங்கீகாரம் குடுக்கற அமைப்புக்குப் பேரே சாங்ஷனிங் பாடி, அதுக்கு கட்டற காசு சாங்ஷனிங் ஃபீ. அதே விளையாட்டுல ஊக்கமருந்து எடுத்து மாட்டினவனுக்கு உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்போட விதிப்படி விழறதும் சாங்ஷன். போட்டி சாங்ஷன் ஆயிருக்கணும், வீரன் சாங்ஷன் ஆயிருக்கக் கூடாது, அப்பத்தான் மணி அடிக்கும். பிரிட்டன்ல அரசாங்க உதவித்தொகை வாங்கறவங்க, வேலை தேடற நிபந்தனைல ஏதாவது தவறிட்டாங்கன்னா பணத்த குறைப்பாங்க, அத அவங்க என்னை சாங்ஷன் பண்ணிட்டாங்கன்னு சொல்றாங்க. நாம லோன் சாங்ஷன்னு சந்தோஷமா சொல்ற அதே வாயசைவுல அங்க ஒருத்தர் இந்த மாசம் பணம் வராதுன்னு சொல்றார்.

குழப்பத்துலேருந்து தப்பிக்க செயப்படுபொருள் தவிர இன்னும் ரெண்டு மூணு பிடிமானம் இருக்கு. பன்மைல சாங்ஷன்ஸ்னா கிட்டத்தட்ட எப்பவும் தண்டனைதான். பக்கத்துல ஆன், இல்லைன்னா அகெய்ன்ஸ்ட் இருந்தா தண்டனை. இதுக்கு சாங்ஷன் குடுத்தார்னு கிவ் கூட வந்தா ஒப்புதல். சாங்ஷன்டு ஃபார்னு வந்து பின்னாடி ஒரு தப்பு வந்துச்சுன்னா தண்டனை, தாமதமா வந்ததுக்காக, ஏமாத்தினதுக்காகங்கற மாதிரி. சாங்ஷன்டு பைன்னு வந்தாத்தான் வம்பு, அது ரெண்டுக்கும் பொருந்தும். அமெரிக்கா சாங்ஷன் பண்ணின எண்ணெய் வியாபாரம்னு ஒரு வரிய நானே எழுதிப் பாத்தேன், அமெரிக்கா சரின்னு சொன்ன வியாபாரமா, அமெரிக்கா தடை போட்ட வியாபாரமா, முன்ன பின்ன வரி இல்லாம சொல்லவே முடியாது. நல்லா எழுதறவங்க இந்த இடத்துல சொல்லையே மாத்திடறாங்க, அனுமதின்னா அப்ரூவ்னு போட்டுடறாங்க, அதுதான் புத்திசாலித்தனம்.

நமக்கு இதெல்லாம் வேடிக்கையா இருக்கும், ஆனா நம்ம வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. விலக்குன்னு எடுத்துக்கங்க. மதுவிலக்குன்னா குடிக்கக் கூடாது. வரிவிலக்குன்னா கட்ட வேண்டாம். ஒண்ணு தடை, ஒண்ணு சலுகை, சொல்லு ஒண்ணுதான். விதிவிலக்கு குடுத்தாங்கன்னா சிரிக்கறோம், கட்சிலேருந்து விலக்கினாங்கன்னா அழறோம், ஊர்விலக்குன்னா நடுங்கறோம். உள்ள இருக்கற காரியம் ஒண்ணே ஒண்ணு, ஒதுக்கி வைக்கறது. வரிய ஆளுகிட்டேருந்து ஒதுக்கினா சலுகை, ஆள ஊர்கிட்டேருந்து ஒதுக்கினா தண்டனை. ஒரு வெள்ளைக்காரர் தமிழ் படிக்க வந்து இந்த அஞ்சையும் ஒரே நாள்ல பாத்தா நம்ம மேல என்ன நினைப்பாரோ.

மொழிபெயர்க்கறப்ப பொருளாதாரத் தடைன்னு ஒரு நாட்டுக்குப் போட்டா பரவாயில்ல, ஓடிடும். தனி ஆளுக்கு வர்றப்பத்தான் எனக்கு உறுத்துது. அமெரிக்கக் கருவூலத் துறைல 1950லேருந்து இதுக்குன்னே ஒரு அலுவலகம் இருக்கு, அது வெளியிடற பட்டியல்ல ஒருத்தர் பேர் ஏறிடுச்சுன்னா நடக்கறது என்னன்னா, அந்த நாட்டு அதிகாரத்துக்குள்ள இருக்கற அவர் சொத்து முடங்கும், அந்த நாட்டு ஆளுங்களும் பேங்க்குகளும் அவரோட கொடுக்கல் வாங்கல் வைக்கக் கூடாது. கூடாதுங்கறது அவருக்கு இல்ல, மத்தவங்களுக்கு. தமிழ்ல தடை செய்யப்பட்ட நபர்னு போட்டா ஏதோ தடை செய்யப்பட்ட இயக்கம் மாதிரி, அவர் இருக்கறதே குத்தம்ங்கற மாதிரி கேக்குது. அவர் தன் ஊர்ல நடமாடலாம், சாப்பிடலாம், என்ன, கார்டு தேய்ச்சா போகாது. கிட்டத்தட்ட அந்த சாகேர் ஆகட்டும் கதைதான், ஜெயில்ல போட மாட்டாங்க, யாரும் தொட மாட்டாங்க. அதனால நான் இப்பல்லாம் தடைப்பட்டியலில் உள்ள நபர்னு போடறேன், நீளம்தான், ஆனா படிக்கற பேங்க் ஆளுக்கு பட்டியல எடுத்துப் பாக்கணும்னாவது தோணும்.

அந்த 19ஆம் பக்கத்தையும் அப்படித்தான் திருத்தினேன். அதோட முடிஞ்சுதுன்னு பாத்தா 31ஆம் பக்கத்துல அன்சாங்ஷன்டு ட்ரான்ஸாக்ஷன்னு ஒண்ணு நின்னுட்டிருந்துச்சு. மேலதிகாரி ஒப்புதல் இல்லாம நடந்த பரிவர்த்தனையா, தடைப்பட்டியல்ல மாட்டாத பரிவர்த்தனையா? மொதல் அர்த்தம்னா வேலை போற தப்பு, ரெண்டாவதுன்னா ஒரு தப்பும் இல்லாத நல்ல பரிவர்த்தனை. அந்தப் பத்தி வேற, இப்படிப்பட்டதெல்லாம் தனி ரெஜிஸ்டர்ல பதிஞ்சு வைக்கணும்னு மட்டும் சொல்லுது, ரெண்டுக்கும் ஒத்துப் போகுது. மெயில் போட்டுக் கேட்டேன். ரெண்டு நாள் பதில் இல்ல. மூணாம் நாள் ஒரு வரி வந்துச்சு, "ரெண்டு அர்த்தமும் வர்ற மாதிரி ஒரு தமிழ்ச் சொல் போட்டுடுங்க"ன்னு.